ஆறு வாரக் கடன்

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு நான் நுரையக்காவை முதன்முதலாகச் சந்தித்தபோது அவர் ஒரு மேசையோடு வழக்காடிக்கொண்டிருந்தார். மேசையின் நான்கு கால்களில் ஒன்று குட்டை. முட்டுக்கொடுக்கக் கல் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு தம் கூடையைத் திறந்து ஒரு சோப்புக் கட்டியை எடுத்துக் குட்டைக்காலின் அடியில் சொருகி, இரண்டு கைகளையும் ஊன்றி மேசையை அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை.

"சோப்பு நசுங்கிடாதா?" என்று கேட்டேன்.

"நசுங்கினா அது வெண்ணெய். இது சோப்பு" என்றார், நிமிர்ந்து பார்க்காமலே.

பள்ளிக்கூட மைதானத்தில், குளிர் விலகியதிலிருந்து வெயில் முற்றும் வரை, சனிக்கிழமைதோறும் கூடும் சந்தை அது. அந்த ஆண்டுதான் என்னை அதன் செயலாளராக்கியிருந்தார்கள். விதிகள் மூன்றே. விற்கும் பொருள் வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும். செய்தவரே நின்று விற்க வேண்டும். முதல் சனிக்கிழமையன்று பொருளோடு வராதவரின் மேசை, காத்திருப்பவருக்குப் போய்விடும். இவற்றைச் சொல்லிக்கொண்டே மேசை மேசையாகச் சென்ற நான், அவரிடம் வந்ததும் ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

"வாசனையே இல்லையே."

"சோப்புக்கு எதுக்குங்க வாசனை? வாசனை வேணும்னா பக்கத்து மேசையில பூ கட்டி விக்கிறாங்க. வாங்கி வச்சுக்குங்க."

"இவங்க பேரு நுரையக்கா சார்" என்று பூ விற்பவர் இடையில் புகுந்தார். "இவங்க சோப்புல நுரையே வராது. அதனால அந்தப் பேரு."

"வரும். உனக்குத் தேய்க்கத் தெரியல" என்றார் நுரையக்கா. அந்தப் பெயர் அவருக்கு மனத்தாங்கலாக இருந்ததாகத் தெரியவில்லை.

நுரை குறைவு என்பது உண்மைதான். அன்று ஒரு கட்டி வாங்கிப் போனேன். வழுக்காமல், கரையாமல், கையை வறட்டாமல் அது மாதக்கணக்கில் உழைத்தது. அடுத்த முறை ஐந்து வாங்கினேன்.

அவர் சோப்பு செய்யத் தொடங்கியதற்குக் காரணம் அவருடைய கணவரின் கைகள். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மாலையில் வீடு திரும்பும்போது முழங்கை வரை கறுப்பு. கடைச் சோப்பு கறையை நீக்கியது. கூடவே தோலையும் நீக்கியது. குளிர்காலத்தில் விரல் இடுக்குகள் வெடித்து, சோற்றைப் பிசைந்தால் எரியும் என்று கரண்டியால் சாப்பிட்டார். "கரண்டி பிடிச்சுச் சாப்பிடுற மெக்கானிக்னு டிப்போவுல என்னை ஓட்டுறாங்க" என்று அவர் ஒருநாள் புலம்ப, இவர் சோப்பு காய்ச்சக் கற்றுக்கொண்டார். முதல் இரண்டு முறை காய்ச்சியது குப்பைக்குப் போயிற்று. மூன்றாவது முறை காய்ச்சியது கணவரின் கைக்குப் போயிற்று. அன்றிலிருந்து, கொல்லைக் குழாயடியில் அவர் கை கழுவிவிட்டு மதிப்பெண் போடுவது வழக்கமாயிற்று.

"இன்னைக்கு எவ்வளவு?"

"எழுபது."

"போன வாரம் எண்பது குடுத்தீங்க?"

"போன வாரம் வந்த வண்டி நல்ல வண்டி."

சமையலறையை ஒட்டிய சிறிய அறையில்தான் வேலை நடந்தது. அதன் ஒற்றை ஜன்னல் வடக்குப் பார்த்தது; வெயில் எட்டிப் பார்க்காது, காற்று மட்டும் வந்துபோகும். கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி ஆகிய கோலத்தில் நுரையக்கா உள்ளே நுழைந்தால் வீட்டில் எவரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்த்து, அதன் சூடு தணிந்தபின் எண்ணெயில் ஊற்றிக் கிளறுவார். கரண்டியைத் தூக்கும்போது விழும் சொட்டு உடனே கலந்துவிடாமல், மேற்பரப்பில் ஒரு கோடாகச் சற்றுநேரம் நிற்க வேண்டும். அதுதான் பதம். பிறகு காகிதம் விரித்த மரத்தட்டில் ஊற்றி, பழைய போர்வையால் மூடுவார். மறுநாள், பணிமனையிலிருந்து வந்த மெல்லிய கம்பியால் கட்டிகளாக அறுப்பார். அறுத்தவற்றை ஒன்றின் தோள் இன்னொன்றில் உரசாதபடி அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்குவார். அங்கே ஆறு வாரம் இருந்த பிறகுதான் அவை மேல்தட்டுக்கு ஏறும்.

அந்த ஆறு வாரத்தில் அவர் சோப்புக்குச் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. அவ்வப்போது ஒவ்வொரு கட்டியையும் புரட்டி வைப்பார், அவ்வளவுதான். ஆனால், யாராவது அவசரமாக ஒரு கட்டி கேட்டால், அது எந்தத் தலை போகிற அவசரமானாலும், கீழ்த்தட்டில் இருப்பதைத் தர மாட்டார். "கீழ்த்தட்டுல இருக்கிற வரைக்கும் அது சோப்பு இல்ல. சோப்பு ஆகப்போற ஒண்ணு" என்பார்.

எனக்கு அவர் அறிமுகமான மூன்றாம் ஆண்டு, கணவரின் தம்பி குடும்பத்தோடு அந்த வீட்டு மாடிக்குக் குடிவந்தார். அவர் வேன் ஓட்டிய நிறுவனத்தை மூடிவிட்டார்கள். "ரெண்டு மாசம் அண்ணி, அதுக்குள்ள ஒரு வேலை பிடிச்சுடுவேன்" என்று சொல்லித்தான் வந்தார். வேலை கிடைத்தது, வாடகைக்கு வேறு வீடு பிடிக்கும் அளவுக்குக் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி, முன்பு ஒரு பெரிய கடையில் பில் போட்டவர், துறுதுறுவென்று ஏதாவது செய்துகொண்டே இருப்பவர். அந்த வீட்டில் அவரைச் சின்னவள் என்றார்கள். நான் இளையவர் என்கிறேன். மாடிப்படியில் அவர் இறங்கும் ஓசையைக் கேட்டே, அவருக்கு அன்றைக்கு என்ன மனநிலை என்று நுரையக்கா சொல்லிவிடுவாராம்.

அண்ணன் வீட்டில் யாரும் அவர்களை ஒரு சொல் சொன்னதில்லை. அதுவே இளையவருக்குப் பாரமாக இருந்தது. மளிகைக் கடைக்குப் போனால், "நீங்க நுரையக்கா வீட்டு மாடியில இருக்கிறவங்கதானே?" என்று கேட்டார்கள். தம் பெயரில், தம் கையால் செய்த ஏதாவது ஒன்று வெளியே தெரிய வேண்டும் என்ற ஆசை அவருக்குள் வேர்விட்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தில், மரப்பொம்மை செய்து விற்றவர் வேறு ஊருக்குப் போனதால் சந்தையில் ஒரு மேசை காலியாயிற்று. அதற்கு முதல் ஆளாக வந்து கேட்டவர் இளையவர். அவருக்கே கொடுத்தோம். மரக்கரண்டி செதுக்குபவர் ஒருவர் அடுத்து வந்தார். அவரைக் காத்திருக்கச் சொன்னோம்.

"என்ன விக்கப்போற?" என்று வீட்டில் கேட்டார்கள்.

"சோப்பு."

ஒரே வீட்டில் இரண்டு சோப்பு. மெக்கானிக் சோற்றுத் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லையாம். தம்பி தண்ணீர் குடிக்க எழுந்து போனாராம்.

"அக்கா, உங்க சோப்பு மாதிரி இல்ல" என்று இளையவரே தொடர்ந்தார். "ஆரஞ்சுத் தோல் காயவச்சுப் பொடி பண்ணி வச்சிருக்கேன். பூவிதழ் போடுவேன். வாசனையா, அழகா இருக்கும். உங்ககிட்ட வாங்குறவங்க என்கிட்ட வர மாட்டாங்க. என்கிட்ட வர்றவங்க உங்ககிட்ட நிக்கவே மாட்டாங்க."

"அது நெசம்தான்" என்றார் நுரையக்கா.

சிக்கல் எண்ணெயில் வந்தது. ஆலையிலிருந்து எண்ணெய் வந்துசேர நாளாகிவிட்டது. இளையவர் தம் சோப்பை ஊற்றியபோது, சந்தை தொடங்க நான்கு வாரமே இருந்தது.

"நாலு வாரம் பத்தாது" என்றார் நுரையக்கா.

"பாதிப் பேர் நாலு வாரத்துலதான் விக்கிறாங்க அக்கா."

"விக்கட்டும். நான் விக்க மாட்டேன்."

"நீங்க விக்க வேணாம். நான்தானே விக்கிறேன்?"

நுரையக்கா தட்டை வழித்துவிட்டுச் சொன்னார்: "சரி. உன் சோப்பு, உன் கை. இனிமே நான் வாயும் திறக்க மாட்டேன், கையும் வைக்க மாட்டேன்."

கோபத்தில் சொன்னதல்ல. அப்படிச் சொன்னால்தான் அது இளையவருடைய சோப்பாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். ஆனால், சொன்னால் சொன்னதுதான் என்பது அவர் குணம். அந்தக் குணம்தான் சங்கடத்தில் கொண்டுபோய் விட்டது.

சந்தை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆண்டின் முதல் நல்ல வெயில் அடித்தது. தெருவெங்கும் ஜன்னல்கள் திறந்தன. குளிர்காலம் முழுவதும் மூடிக்கிடந்த அறைகளிலிருந்து பாய்களும் தலையணைகளும் வெளியே வந்தன. நுரையக்கா கொல்லையில் போர்வைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது தற்செயலாக அண்ணாந்து பார்த்தார். மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாகத் தட்டுகள். தட்டுகளில், நேர் வெயிலில், மாடி வீட்டுச் சோப்பு.

பின்னாளில் இதை என்னிடம் சொன்னவர் மெக்கானிக். அன்று அவர் கொல்லைப்படியில் உட்கார்ந்து மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாராம்.

"துணி காயுற மாதிரி சோப்பு காயும்னு நினைச்சுட்டா" என்றார் நுரையக்கா, தாழ்ந்த குரலில்.

"காயாதா?"

"வெயில்ல வச்சா வேர்க்கும். நெளியும். எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்."

"போய்ச் சொல்லேன்."

"வாய் திறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"அப்போ நான் போய்ச் சொல்றேன்."

"நீங்க சொன்னா நான் சொன்ன மாதிரிதான்."

நுரையக்கா உள்ளேயும் போகவில்லை. போர்வைகளைக் கோலால் அடிக்கத் தொடங்கினார். ஒரு போர்வையை அடித்து முடித்து, அதையே மறுபடி அடித்தார். அந்தச் சத்தத்துக்காவது இளையவர் வெளியே வந்து எட்டிப் பார்த்தால், கண்ணாலாவது ஏதாவது சொல்லலாம் என்று எண்ணினாரோ என்னவோ. பக்கத்து வீட்டுக்காரர்தான் எட்டிப் பார்த்து, "யாரோட சண்டை?" என்று கேட்டார். இளையவர் வரவில்லை. மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாராம்.

மறுநாளே கட்டிகளின் மேல் வியர்வை முத்துமுத்தாக அரும்பிற்று. ஓரங்கள் காய்ந்த இலைபோலச் சுருண்டன. பூவிதழ்கள் தேயிலைச் சக்கையின் நிறத்துக்கு வந்தன. ஆரஞ்சு வாசனை போன இடம் தெரியவில்லை; பழைய எண்ணெயின் வாடை மாடிப்படி வழியாக இறங்கிச் சமையலறை வரை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் இளையவர் பள்ளிக்கூட அலுவலகத்தின் மூலையில் இருந்த என் மேசைக்கு வந்தார். முந்தானை நுனியை விரலில் சுற்றியபடியே பேசினார்.

"சார், என் மேசையை ரெண்டு வாரம் கழிச்சுப் போட்டுக்கலாமா?"

முடியாது என்றேன். கரண்டி செதுக்குபவர் குளிர்காலம் முழுவதும் செதுக்கிவைத்துக் காத்திருக்கிறார். ஒருவருக்கு விதியைத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டும் என்று விளக்கினேன்.

"சரிங்க சார். அக்காகிட்ட நான் வந்ததைச் சொல்லிடாதீங்க."

"அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

"தெரியும். வீடு முழுக்க வாடை அடிக்குது, தெரியாம இருக்குமா? ஆனா கேக்க மாட்டேங்கிறாங்க. அதான் தாங்கல" என்றவர், "திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேசையை விட்டுக்கொடுப்பதாக அவர் வாயால் ஒரு சொல் வாங்கிக்கொண்டால், கரண்டிக்காரருக்கு நேரத்தோடு தகவல் சொல்லலாம் என்று அன்று மாலை நான் அந்த வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. சமையலறையிலிருந்து, பத்துப் பேர் ஒரே நேரத்தில் காரட் துருவுவதுபோல் ஓர் ஓசை வந்தது.

உள்ளே தரையில் மெக்கானிக் ஒரு துருவியோடு உட்கார்ந்திருந்தார். அவர் தம்பி இன்னொரு துருவியோடு. நடுவில் அகலமான அலுமினியப் பாத்திரத்தில், வெள்ளை வெளேரென்று, துருவிய சோப்பு குவிந்துகிடந்தது. அது நுரையக்காவின் சோப்பு. சின்ன அறையின் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். மேல்தட்டு துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. சந்தையின் முதல் நாளுக்கென்று குளிர்காலத்திலேயே ஊற்றி, புரட்டிப் புரட்டி வைத்து, ஆறு வாரம் கடந்து நின்ற கட்டிகள் அத்தனையும் பாத்திரத்தில் இருந்தன.

நடந்ததைத் தம்பி சொன்னார். மதியம் நுரையக்கா ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். கூடையை இளையவரின் முன் வைத்தார். "இது என் சோப்பு, இதுக்கு நான் வாய் திறக்கலாம். இதைத் துருவு. தண்ணி கொஞ்சமா விட்டு உருக்கு. உன் ஆரஞ்சுத் தோலைப் போட்டுக்கோ" என்றார்.

"அப்போ உங்களுக்கு அக்கா?"

"கீழ்த்தட்டு இருக்கு."

"அது நேத்துதானே ஊத்தினது. இன்னும் ஆறு வாரம் ஆகுமே."

"ஆகட்டும். எனக்குக் காத்திருக்கத் தெரியும். உனக்குத்தான் தெரியாது."

இதைத் தம்பி சொல்லும்போது நுரையக்கா அடுப்படியில்தான் நின்றார், காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்ததும், "சும்மா நிக்காதீங்க சார், ஒரு துருவியை எடுங்க" என்றார்.

"செய்தவரே விற்கணும்னு விதி இருக்கே" என்றேன், துருவியைக் கையில் வாங்கிக்கொண்டே.

"காய் நறுக்கிக் குடுக்கிறவங்க எல்லாம் சமையல்காரங்களா? அவ எண்ணெயை மில்லுல வாங்குனா. சோப்பை என்கிட்ட வாங்குறா. உருக்கிச் செய்யப்போறது அவ. ஓரமா உக்காருங்க, விரலைத் துருவிக்காதீங்க."

கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை இறக்கி, இளையவர் துருவலை உருக்கினார். அது நீராக உருகவில்லை. பிசைந்த மாவுபோல் கட்டியாகத் திரண்டது. ஆரஞ்சுப்பொடி விழுந்ததும் சமையலறையின் காற்றே மாறிற்று. நுரையக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தட்டுல அமுக்கி வச்சா இது காயறதுக்கே ரெண்டு வாரம் ஆகும்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

இளையவர் பாத்திரத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப்பார்த்தார். பிறகு சூடு பொறுக்கும் பதத்தில் ஒரு பிடி எடுத்து, உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து உருட்டினார். எலுமிச்சை அளவில் ஓர் உருண்டை.

"சின்னச் சின்னதா உருட்டிட்டா? சுத்திலும் காத்துப் படும். இந்தத் தடவை வெயில்ல வைக்கல அக்கா, உங்க வடக்கு ஜன்னல்கிட்ட வைக்கிறேன். சனிக்கிழமைக்குள்ள காஞ்சுடாது?"

நுரையக்கா ஜன்னலிலிருந்து திரும்பி வந்தார். அந்த உருண்டையை வாங்கிக் கையிலேயே எடை பார்த்தார். பல ஆண்டுகளாகச் சோப்பு செய்தவர். உருட்டலாம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"காஞ்சுடும்" என்றார்.

பிறகு எல்லோரும் உருட்டினோம். எவர் உருட்டியது எது என்று பார்த்தாலே தெரிந்தது. மெக்கானிக் உருட்டியவை கிரிக்கெட் பந்துகள். இளையவரின் மகள் உருட்டியவை கோலிகள். "பெரியப்பா, இதை வச்சுக் குளிச்சா கை வலிக்கும்" என்று அவள் சொல்ல, "அது லாரி டிரைவர் சைஸ்மா" என்றார் அவர். இளையவர் அத்தனையையும் வாங்கி, ஒரே அளவுக்குத் திரும்ப உருட்டினார். நாங்கள் செய்ததில் எதுவும் மிஞ்சவில்லை.

வெளியே வரும்போது, கரண்டிக்காரரிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி வந்தேன். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். அடுத்த ஆண்டு இடமும் கிடைத்தது.

சனிக்கிழமை காலை. மைதானத்து ஓரத்து மரங்கள் பூத்து, மேசை விரிப்புகளின் மேலெல்லாம் உதிர்த்துக்கொண்டிருந்தன. வாயிலை ஒட்டிய நுரையக்காவின் மேசையில் சோப்பு அடுக்கே இல்லை. ஒரு பேசினில் தண்ணீர், ஒரு குவளை, பாதி தேய்ந்த ஒரு சோப்பு. கொல்லைக் குழாயடியிலிருந்து வந்தது அது. மெக்கானிக்கின் கட்டைவிரல் குழி அதில் அப்படியே பதிந்திருந்தது. உள்ளே வருபவர்களை அவர் கைகாட்டி அழைத்தார்.

"வாங்க, கையைக் கழுவிக்குங்க. காசு வேணாம்."

கழுவினார்கள். கையை உதறிக்கொண்டு, துடைக்கத் துணி தேடினார்கள்.

"துணி இங்க இல்லீங்க. மூணாவது வரிசை, கடைசி மேசை. சின்னவ வச்சிருக்கா."

ஈரக்கையை முன்னால் நீட்டிக்கொண்டு, ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக மூன்றாவது வரிசைக்கு நடந்தார்கள். அங்கே மடித்துவைத்த துண்டுகளும், கிண்ணம் கிண்ணமாக ஆரஞ்சு உருண்டைகளும் இருந்தன. கையைத் துடைத்தவர் உருண்டையை முகராமல் போக முடியாது. முகர்ந்தவர் பெரும்பாலும் வாங்காமல் போகவில்லை.

நான் என் கடமையாக நுரையக்காவின் மேசைக்குச் சென்றேன். "மேசையில விற்க ஏதாவது இருக்கணுமே."

"இருக்குதே" என்று பாதி தேய்ந்த சோப்பைக் காட்டினார். "ஒண்ணே ஒண்ணு. வாங்கிக்கிறீங்களா? உங்க செயலாளர் சங்கத்துக்குத் தள்ளுபடி போட்டுத் தரேன்."

பூக்காரர் சிரித்த சிரிப்பில் வாளி கவிழ்ந்தது. வழக்கமான வாடிக்கையாளர்கள் மட்டும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. "ஆறு வாரம் நாங்க எதைப் போட்டுக் கழுவுறது?" என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். "மூணாவது வரிசைக்குப் போங்க" என்றார் நுரையக்கா. ஆறு வாரமும் அவர் சனிக்கிழமை தவறாமல் வந்து, பேசினோடு நின்றார்.

பன்னிரண்டு மணிக்குள் இளையவரின் கிண்ணங்கள் காலியாகிவிட்டன. மேசையை மடிக்கும்போது ஒரு பெண்மணி வந்து, "உருண்டை சோப்புக்காரங்க நீங்கதானே? அடுத்த வாரம் எனக்கு ரெண்டு எடுத்து வைங்க" என்று கேட்டதை நான் அருகிலிருந்து கேட்டேன். "நான்தான்" என்று இளையவர் சொன்னார். சொன்னபின், இன்னொரு முறை கேட்க மாட்டாரா என்பதுபோல் அந்தப் பெண்மணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் நுரையக்காவிடம் சொன்னாராம்: "அக்கா, காசுன்னா இன்னைக்கே குடுத்துடுவேன். உங்க ஆறு வாரத்தை எப்படித் திருப்பித் தர்றது?"

"தரலாம், தரலாம். வேணும்னா கேக்கிறேன்."

இளையவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த குளிர்காலத்தில், தம் ஆரஞ்சுச் சோப்பைத் தவிர, வாசனையோ நிறமோ சேர்க்காத வெறும் சோப்பும் ஒரு தட்டு ஊற்றினார். கம்பியால் அறுத்தார். தோள் உரசாமல் அடுக்கினார். மாடியில், வெயில் படாத பக்கத்தில் வைத்து, ஆறு வாரம் புரட்டினார். பிறகு வெள்ளைத் துணியால் மூடி, தம் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "அது பெரியம்மாவோட தட்டு, தொடக் கூடாது" என்று மகளுக்குச் சொல்லிவைத்தார். நுரையக்கா கேட்கும் நாளில் எடுத்துக் கொடுப்பதற்காக.

அவர் கேட்கவே இல்லை.

அவர் கேட்காததற்கான காரணத்தை மெக்கானிக் ஒருநாள் குழாயடியில் கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார். "அவ கணக்குல அது கடனே இல்ல சார். அன்னைக்குக் கொல்லையில நின்னு பாத்துட்டுச் சும்மா இருந்தாள்ல? அதுக்குக் குடுத்த ஆறு வாரம் அது. சின்னவளுக்கு இது தெரியாது. சொல்லவும் விட மாட்டா." சோப்பைக் கழுவி மேடைமேல் வைத்தார். "இன்னைக்கு எண்பத்தஞ்சு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஆண்டுகள் சில சென்றன. தம்பிக்கு நல்ல வேலை கிடைத்த பிறகும் அவர்கள் மாடியிலேயே இருந்துவிட்டார்கள். ஆனால் இப்போது முறையாக வாடகை கொடுத்து இருந்தார்கள். நுரையக்காவின் மணிக்கட்டுகள் வலிக்கத் தொடங்கின. கிளற முடியவில்லை, பிறகு கம்பியை இழுக்கவும் முடியவில்லை. சென்ற குளிர்காலத்தில் அவர் ஒன்றும் ஊற்றவில்லை. சின்ன அறையின் தட்டுகள் வெறுமையாக இருந்தன.

சந்தை தொடங்கும் வாரத்தில் இளையவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"அக்கா, உங்க தட்டு தயாரா இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா? உங்க மேசையில வச்சு நீங்களே வில்லுங்க."

"செஞ்சவங்கதான் விக்கணும். அந்தச் செயலாளர் விட மாட்டார்."

"விக்க வேணாம். உங்க வீட்டுக்காவது?"

"இருக்கட்டும். சோப்பு இருக்க இருக்க நல்லதுதான். கெட்டா போயிடும்?"

அந்தச் சனிக்கிழமை நுரையக்கா கையில் கூடை இல்லாமல் சந்தைக்கு வந்தார். தாம் நின்ற இடத்தில் இப்போது தேன் விற்பவர், மேசையின் குட்டைக்காலுக்கு என்ன முட்டுக்கொடுத்திருக்கிறார் என்று குனிந்து பார்த்தார். பிறகு மூன்றாவது வரிசைக்கு நடந்து, எல்லோரையும்போல் வரிசையில் நின்றார். தம் முறை வந்ததும் இரண்டு ஆரஞ்சு உருண்டைகளை எடுத்து, முழு விலையையும் மேசைமேல் வைத்தார். இளையவர் காசைத் திருப்பித் தள்ளினார். நுரையக்கா மறுபடி முன்னால் நகர்த்தினார். காசு இரண்டு முறை போய் வந்து, கடைசியில் இளையவரின் பக்கம் நின்றது.

"போன வாரம் போட்டுக் குளிச்சேன். பழக்கடைக்குள்ள விழுந்து எழுந்த மாதிரி இருந்துச்சு" என்றார் நுரையக்கா.

"அப்புறம் எதுக்கு வாங்குறீங்க?"

"அவருக்கு. வாசனை வந்ததுல இருந்து மார்க் தொண்ணூறுக்குக் கீழ இறங்கல. நான் என்ன பண்றது?"

உருண்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு, வழியில் பூக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அவர் வீட்டை நோக்கி நடந்தார். போன வாரம் வேறொரு வேலையாக அந்த மாடிக்குப் போயிருந்தேன். அலமாரியின் மேல்தட்டில் வெள்ளைத் துணி அப்படியே இருந்தது. இளையவர் அதை விலக்கி, கட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்துவிட்டு, மறுபடியும் மூடினார்.